ஆகக் குறைந்த மாதம்

பதினொன்றரைக்கு வரச் சொன்னார்கள். இப்போது பதினொன்று நாற்பத்தெட்டு. பதினெட்டு நிமிடம் பிந்திவிட்டது என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் நாக்கு அரிக்கிறது, சொல்லமாட்டேன், சட்டத்தரணியின் வரவேற்பறையில் இருந்துகொண்டு சட்டத்தரணியின் மணிக்கூட்டில் பிழை பிடிக்கிறவன் உள்ளே போகுமுன்பே தோற்றவன், அதுவும் மடியில் இப்படியொரு கோப்பை வைத்துக்கொண்டு. கோப்பு நீலம். உள்ளே ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆறு சம்பளச் சீட்டுகள், ஆறு மாத வங்கி அறிக்கை, பக்கத்துக்குப் பக்கம் வங்கியின் முத்திரை, மனைவி சுகிர்தாவின் கடவுச்சீட்டுப் பிரதி, மகள் மாதுமையின் கடவுச்சீட்டுப் பிரதி, கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பில் நான் கண்டுபிடித்த மூன்று பிழைகளும் திருத்தப்பட்ட இன்னொரு மொழிபெயர்ப்பு. எல்லாம் இருக்கிறது. ஜூன் மாதச் சீட்டும் இருக்கிறது, அதுதான் சிக்கல். ஐந்து சீட்டோடு வருகிறவனை மறதிக்காரன் என்று திருப்பி அனுப்புவார்கள், ஆறோடு வந்த என்னை என்ன சொல்லி அனுப்புவார்கள் என்பது ஒன்பது நாளாக எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்குக் குடும்பத்தைக் கூப்பிடுகிறவன் வருடம் இருபத்தொன்பதாயிரம் பவுண் உழைக்கிறவனாக இருக்கவேண்டும். அதை ஆறு மாதச் சீட்டால் காட்டவேண்டும். பிள்ளையென்றால் விண்ணப்பம் போடும் நாளில் பதினெட்டு வயது ஆகியிருக்கக்கூடாது. மாதுமைக்கு நவம்பர் இரண்டாம் திகதி பதினெட்டு. இன்று ஒக்டோபர் பதினாலு. பத்தொன்பது நாள். இருபத்தொன்பதாயிரத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு புள்ளி ஆறு ஆறு ஆறு, அந்த ஆறு முடியாது, எவ்வளவு தூரம் எழுதினாலும் இன்னொரு ஆறு வரும், ஒன்பது நாளாக நித்திரையில் நான் எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.

கீழே சாப்பாட்டுக்கடையில் ரோல்ஸ் பொரிக்கிறார்கள், படிக்கட்டு வழியாக எண்ணெய் மணம் ஏறி இந்த அறையின் கம்பளத்தில் வந்து படுக்கிறது, லண்டன் ஹரோவில் எங்கள் ஆட்களின் அலுவலகம் எதுவானாலும் கீழே சாப்பாட்டுக்கடையோ நகைக்கடையோ இருக்கும், சட்டத்துக்கும் வயிற்றுக்கும் ஒரே படி. மேசையில் இருக்கிற பிள்ளை இங்கேயே பிறந்தவள். "அங்கிள், சொறி, சேர் இன்னும் கோல்ல நிக்கிறார். ரீ போட்டுத் தரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு இருபத்திரண்டு இருக்கும். எழும்பிப் போய்த் தாள் எடுத்து வந்தாள், நல்ல உயரம், மாதுமை எவ்வளவு உயரம்? கேட்டிருக்கிறேன். நூற்று ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர் என்றாள். நான் வேலை செய்கிற பெற்றோல் நிலையக் கடையின் கதவோரத்தில், திருடன் ஓடினால் உயரம் சொல்வதற்காக ஒட்டியிருக்கும் அளவு நாடாவில் நூற்று ஐம்பத்தெட்டைப் பார்த்து, அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஒருநாள் நின்றேன், கை நின்ற இடத்தில் ஒரு தலை இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு போலந்துக்காரன் உள்ளே வந்து சிகரெட் கேட்டான், கையை எடுத்தேன். பத்து மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தேன். அப்போது அவள் என் தோளில் சரிந்தால் கால் என் இடுப்புக்கு மேல் முடியும். அது எனக்குத் தெரிந்த கடைசி அளவு. அதன்பிறகு பதினேழு வருடம் ஒரு மாதமாக அவள் நெஞ்சுக்கு மேல்தான், கைபேசிச் சட்டத்துக்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. மூன்று வயதில் என்னைப் ‘போன் மாமா’ என்றாள். சுகிர்தா அடிக்கப் போக, நான் மறுமுனையில் இருந்து "விடும், விடும், அது ஒருவகையில் சரிதானே" என்று சிரித்தேன். அந்த மாதத்துக்கு யாரும் எனக்குச் சீட்டுத் தரவில்லை. ஆகக் குறைந்த மாதம் எது என்று என்னைக் கேட்டால் ஜூனைச் சொல்லியிருக்கமாட்டேன்.

கைபேசி தொடையில் அதிர்கிறது, சுகிர்தாவின் குரல்பதிவு, நான்காவது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்கிறேன். "இஞ்சருங்கோ, போட்டாச்சே? போட்டவுடன ஒரு சொல்லு சொல்லுங்கோ. கோழி எட்டையும் செல்வமக்காவுக்குக் குடுக்கப்போறன். காசு தாறனெண்டவ, நான் வேண்டாமெண்டிட்டன், போற நேரத்தில கோழிக்காசு வாங்கிறதே? மிளகாய்த்தூள் அஞ்சு கிலோ இடிப்பிக்கிறன், அங்க கிடைக்கும் எண்டு சொல்லாதேங்கோ, அங்கத்தையான் தூள் தூளே?" விசா வந்த மாதிரி கதைக்கிறாள். விண்ணப்பமே இல்லை, அதற்குள் மிளகாய். அவளைக் குறை சொல்லமுடியாது, இன்றைக்குப் போடுகிறேன் என்று சொன்னவன் நான். நாலு நாளைக்கு முன்பு, சும்மா கேட்கிறமாதிரி, குரலில் ஒரு சிரிப்பையும் கலந்து, ஒருவேளை முதலில் உமக்கு மட்டும் கிடைத்தால் என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. "பிள்ளை இல்லாமல் நான் ஒரு அடி எடுத்து வையன். உங்களுக்கென்ன, நீங்கள் விட்டிட்டுப் போய்ப் பழகினனீங்கள்." அந்த வசனத்தில் பிழை எதுவும் இல்லை. பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன். ஊரில் பத்திரிகை ஒன்றில் ஒன்பது வருடம் ஒப்புநோக்குநராக இருந்தேன், பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது, அதற்குச் சம்பளம். இங்கே பெற்றோல் நிலையத்தில் சம்பளம் இல்லாமலே அதைச் செய்கிறேன், பாண் விலைப் பலகை, கோயில் துண்டுப்பிரசுரம், கழிப்பறையில் ஒட்டியிருக்கும் அறிவித்தல். சனம் என்னைக் கண்டால் தாளை மறைத்துக்கொள்ளும்.

ஜூன். தில்லையர் என் வீட்டில் அடுத்த அறையில் பதினொரு வருடம் இருந்தவர். சொந்தமில்லை. நண்பன் என்று சொல்வதும் கூடுதல், குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டு யாருக்கு என்பதில் எங்களுக்குள் தீராத எல்லைத் தகராறு ஒன்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை, பருப்பு கரிந்த மணத்துக்குத்தான் நான் மேலிருந்து இறங்கி வந்தேன், வாயில் அவரைத் திட்டுவதற்கு ஒரு வசனமும் தயாராக இருந்தது. மனைவி பிள்ளை இல்லை, ஒரு தமையன் ஊரில் படுக்கையில். கொள்ளி வைக்க ஆள் வேண்டும் என்றார் ஐயர், வந்திருந்த ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள், நான் ஐயரைப் பார்த்துவிட்டேன். இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான். அமத்தினால் திரை மூடும். அவ்வளவுதான். அடுத்த நாள் வேலைக்கு வெளிக்கிட, முதலாளியும் கோயில் பொருளாளருமான பரம் அண்ணை தொலைபேசியில் வந்தார். "குலம், எட்டு முடியாமல் கடைப்பக்கம் வராதை." "அண்ணை, அவர் எனக்குச் சொந்தமில்லை." "கொள்ளி வச்சனியோ இல்லையோ?" "பொத்தான் அமத்தினனான்." "அப்ப துடக்குத்தான். கோயில் பொருளாளற்ர கல்லாவில துடக்குக்காரன் நிக்கிறான் எண்டு சனம் கதைக்கிறதே?" "சிகரெட் வாங்க வாற வெள்ளைக்காரனுக்குத் துடக்கு விளங்குமோ அண்ணை?" "எனக்கு விளங்கும்," என்று வைத்துவிட்டார். எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை ஐந்து வேலைநாள் வீட்டில் இருந்தேன். துடக்கை, அந்தச் சாவுத் தீட்டை, நம்பாதவன் துடக்குக் காத்தேன். கரிந்த சட்டியைத் தேய்த்தேன். நடுத்தட்டு முழுவதும் எனக்கே வந்தது, அதில் ஒன்றும் வைக்கத் தோன்றவில்லை.

மாத முடிவில் சீட்டு வந்தது, இரண்டாயிரத்து நானூற்று இருபது, முழுச் சம்பளம். இந்தத் தொகைக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த வருடம் தை மாதம்தான் எனக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது, அது இல்லாமல் குடும்பத்தைக் கூப்பிடமுடியாது, அதிலிருந்து மூன்று மாதம் பரம் அண்ணையின் பின்னால் திரிந்து, மணித்தியாலக் கணக்கில் இருந்த என்னை மாதச் சம்பளத்துக்கு மாற்றச் சொல்லி மன்றாடினேன், அவர் என்னை மனேஜர் ஆக்கினார். யாரை மனேஜ் பண்ணுவது என்று கேட்டேன். "உன்னைத்தான், அதுவே பெரிய வேலை," என்றார். வேண்டிய தொகைக்கு மேல் மாதம் மூன்று பவுணும் சில்லறையும் கூட்டி வைத்துவிட்டு அதைக் கோயில் உபயம்போல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். சரி, ஜூன் சீட்டில் முழுத்தொகை. நான் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். இந்த இடத்தில்தான், ஒன்பது நாளாக, ஒவ்வொரு முறையும், என் மனம் கால் இடறி நிற்கிறது, போகாதே, திரும்பு, சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வை என்று அந்தக் குலேந்திரனுக்குக் கத்துகிறேன், அவன் கேட்பதில்லை, நேரே போய் நிற்கிறான். "அண்ணை, கணக்காளர் பிழை விட்டிட்டார், அஞ்சு நாள் வெட்டேல்லை." பரம் அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிழையில்லையடா. நான்தான் போடச் சொன்னனான்." "வேலை செய்யாத நாளுக்கு நான் வாங்கமாட்டன்." "நான்தானே வரவேண்டாமெண்டனான்?" "அப்ப லீவு எண்டு எழுதித் தந்திருக்கவேணும்." "சரி, உன்ர வருச லீவில கழிக்கட்டே?" "வேண்டாம், அது எனக்கு வேணும்." "உனக்கு விசரே? கையில தாறதைத் தட்டிவிடுறாய்." "பிழையெண்டா பிழைதானே அண்ணை." அவர் முகம் சுருங்கியது. இப்போது நினைத்தால் அது கோபமில்லை, கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் வருகிற வெட்கம். "சரி. வெட்டுறன். நீ கேட்டு நான் இல்லையெண்டு சொன்னதாய் இருக்கவேண்டாம்." புதுச் சீட்டு வந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபது. அதை வாங்கி மகிழ்ந்தேன். மகிழ்ந்தேன் என்பதை மறைக்கக்கூடாது.

ஏன் போனாய்? நேர்மை என்று சொல்லலாம், சுகிர்தாவுக்குச் சொல்லவேண்டி வந்தால் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் நேர்மையாக இருந்தேன். மே மாதத்தில் முந்நூறுக்கு ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலை செய்திருந்தேன், ஓகஸ்டில் இன்னும் இருநூற்று எண்பதுக்குச் செய்வதாக ஒழுங்கு, ஆறு மாதத்தையும் கூட்டினால் பதினாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது, தேவைக்கு மேல் ஐம்பது பவுண். ஐம்பது பவுண் மிச்சத்தில் ஒரு மனிதன் நேர்மையாக இருக்கலாம். அல்லது அந்தக் கோயில் உபயத்தின் சுமை, இன்னொன்றையும் அவரிடம் வாங்கிக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது என்ற வீம்பு. அல்லது லீவு. அதுதான் ஆகவும் மோசம். அந்த இருபத்தெட்டு நாள் லீவையும் நான் ஒருநாள்கூடத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தேன், அவர்கள் இருவரும் வந்து இறங்கும்போது ஒரு மாதம் முழுக்க வீட்டில் இருப்பதற்கு, மாதுமைக்குப் பேருந்துகளையும் நூலகத்தையும் காட்டுவதற்கு, காலையில் அவள் பல் தீட்டுவதைப் பார்ப்பதற்கு, மனிதர்கள் தங்கள் பிள்ளைகள் பல் தீட்டுவதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஐந்து நாளையும் அவளோடு இருப்பதற்காகத் தில்லையருக்குக் கொடுக்காமல் வைத்தேன். இப்போது லீவு இருபத்தெட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஒன்பது நாளைக்கு முன்பு, பகல் பன்னிரண்டு மணி, கடையில் ஆள் இல்லை, இன்றைய சந்திப்புக்காக விதிகளை மறுபடி எடுத்தேன். சராசரி, ஆறு மாதக் கூட்டுத்தொகையின் சராசரி, என்று நான் வாசித்துவைத்திருந்த பந்தி அப்படியே இருந்தது, அது மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறவருக்கு. அதற்கு அடுத்த பந்தி மாதச் சம்பளக்காரருக்கு. அதில் சராசரி இல்லை. ஆறில் எது ஆகக் குறைவோ அதை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்குவார்கள். ஆயிரத்து எண்ணூற்று எழுபது பெருக்கல் பன்னிரண்டு, இருபத்திரண்டாயிரத்து நானூற்று நாற்பது. மன்றாடி மனேஜர் ஆகாமல் பழையபடி மணித்தியாலக்காரனாகவே இருந்து அவ்வளவு பணத்தையும் உழைத்திருந்தால் ஜூனைச் சராசரி விழுங்கியிருக்கும். ஒப்புநோக்குவது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சில் கண்ணை ஓட்டவேண்டும். தனியே பார்த்தால் கண் தாள் சொல்வதை வாசிக்காது, தான் நினைத்ததைத்தான் வாசிக்கும், புதிதாய் வருகிற ஒவ்வொருவனுக்கும் இதை நான் சொல்லிக்கொடுத்தேன், எழுபது பக்க விதியை அடுத்த அறை வெறுமையாய் இருக்கத் தனியே வாசித்தவனும் நான்தான். பரம் அண்ணையிடம் போனேன். "வரிக்காரருக்கு அனுப்பினது அனுப்பினதுதான் குலம். ஒருக்காத் திருத்தி அனுப்பியாச்சு. இனித் திரும்பத் திருத்தினா கள்ளக் கணக்கு எண்டுதான் பாப்பினம். முதல் திருத்தச் சொன்னது ஆர்?" "நான்." "ஆ," என்றார், அதில் வெற்றி இல்லை, பாவம், மனிதர் என்னைவிட நொந்துபோனார். பிறகு இயந்திரத்தில் ஒரு கோப்பி எடுத்துத் தந்தார், காசு அடிக்கவில்லை, இந்தமுறை நானும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

பன்னிரண்டு ஐந்து. சட்டத்தரணி யோகரட்ணத்துக்கு ஒரு ஓட்டை தெரிந்திருக்கும். அவர் இருபது வருடமாக இதே வேலை, ஓட்டை தெரியாமல் இருபது வருடம் ஒருவர் இந்தப் படிக்கட்டுக்கு மேல் இருக்கமுடியாது. துடக்கு என்று ஒரு விதிவிலக்கு இருக்கலாம், சமய வழக்கத்தால் வேலையிழந்த நாட்கள் என்று, ஆங்கிலத்தில் எழுதினால் அதற்கு ஒரு கம்பீரம் வரும், அதிகாரி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, இறந்தவர் விண்ணப்பதாரிக்கு என்ன உறவு என்று கேட்பார், நடுத்தட்டுத் தகராறு என்று எழுதுவேனா. கண்ணை மூடினால், விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகிர்தா மட்டும் வருகிறாள், வண்டியில் ஒரு பெட்டி, பின்னால் யாரோ ஒரு பெண்பிள்ளை வருகிறாள், மாதுமை இல்லை, வேறு குடும்பத்துப் பிள்ளை. அல்லது சுகிர்தாவும் இல்லை. பத்தொன்பது நாள். அது கழிய ஒரு திங்கட்கிழமை, அவள் எழும்பும்போது சட்டப்படி பெரிய ஆள், பெரிய ஆட்களுக்குத் தகப்பன் தேவையில்லை என்பது இந்த நாட்டின் கொள்கை, தகப்பனுக்கு என்ன தேவை என்பது பற்றி எந்தப் பந்தியிலும் ஒன்றும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

கைபேசி மறுபடி. சுகிர்தா என்று நினைத்து வெட்டப் போனேன், மாதுமை. அவள் தானாக எடுப்பதில்லை, தாய் எடுத்துக் கொடுத்தால் கதைப்பாள். கதவோரம் போய் நின்று காதில் வைத்தேன். "அப்பா, உள்ள போட்டியளோ?" "இல்லைப் பிள்ளை, வெளியில இருக்கிறன்." "அம்மா பக்கத்தில இல்லை. நான் ரியூசன் வாசல்ல நிக்கிறன்." பின்னால் சைக்கிள் மணிகள், பெண்பிள்ளைகளின் சிரிப்பு. "என்னம்மா?" "ஜூன் மாசத்துச் சீட்டு." மேசைப் பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். "அம்மான்ர போனுக்கு மாசாமாசம் சீட்டைப் படமெடுத்து அனுப்பினீங்களெல்லோ. ஆயிரத்து எண்ணூத்தி எழுபது. நான் முதல் மற்றப் பந்தியைத்தான் வாசிச்சனான், சராசரி எண்டு. பிறகுதான் கீழ பாத்தன். நீங்கள் மாதச் சம்பளம். மாதச் சம்பளத்துக்குச் சராசரி இல்லை அப்பா." மூலத்தை யாரோ எனக்கு உரக்க வாசிக்கிறார்கள். குரல் சுகிர்தாவினுடையது, நிறுத்துகிற இடங்கள் என்னுடையவை. "எப்ப பாத்தனி?" "ஓகஸ்டில." "ஏன் சொல்லேல்லை?" "நீங்கள் கவனிச்சிருப்பியள் எண்டு நினைச்சன். நீங்கள்தானே எல்லாத்திலயும் பிழை பிடிக்கிறனீங்கள். பிறகு, கவனிக்கேல்லை எண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு சொல்லி என்ன? மாசம் முடிஞ்சுது." எழுபது பக்கம், ஆங்கிலத்தில், அந்தச் சிறிய திரையில், தனியே. இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும், பதினேழு வருடம் அவளுடைய எந்தச் சாயல் என்னுடையது என்று படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன், மூக்கில் தேடினேன். "அம்மாவுக்கு வயசுக் கணக்கில்லை," என்றாள். "ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் ஆறும் சரியாயிருந்தா தையில போடலாம். எண்ணிப் பாத்திட்டன். அம்மாவைக் கூப்பிடுங்கோ." "அவ நீ இல்லாமல் வரமாட்டா." "என்ர பிந்தி வரும் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு மாசம் பிந்தும் எண்டு." "அது பொய்." "ஓம் அப்பா. பொய்தான்." ஒரு சைக்கிள் மணி. "நான் கம்பஸ் எடுபட்டா ஹொஸ்டல்லதானே இருக்கப்போறன். அம்மா இஞ்ச தனிய, நீங்கள் அங்க தனிய, மூண்டு பேரும் மூண்டு இடத்தில இருந்து என்னத்துக்கு? அப்பா, இருக்கிறியளோ?" "இருக்கிறன்." "அழுறியளோ?" "இல்லை." "நானும் இல்லை. கிளாஸ் துவங்குது." வைத்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க போகலாம்," என்றாள் மேசைப் பிள்ளை. யோகரட்ணம் என்னைவிட இளையவர், கண்ணுக்குக் கீழ் பை விழுந்த முகம். கோப்பைத் திறந்து சீட்டுகளை வங்கி ஊழியர் நோட்டு எண்ணுவதுபோல விரலால் தட்டிக்கொண்டு போனார், மூன்றாவதில் விரல் நின்றது. பத்து வினாடி இருக்காது. "ஜூன்," என்றார். "ஜூன்," என்றேன். "சுகமில்லாமல் இருந்தனீங்களோ? அப்பிடியெண்டா வேற மாதிரிப் பாக்கலாம்." "இல்லை. செத்தவீடு." "தாயோ தகப்பனோ?" "பக்கத்து அறை." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போடலாம் அண்ணை. நாளைக்கே ரெண்டு பேருக்கும் போடலாம், திகதிக்கு முதல் போட்டா மகளின்ர வயசு அந்த இடத்திலயே நிண்டிடும். ஆனா சம்பளம் விழுந்தா ரெண்டும் விழும். மனைவிக்குத் திரும்பப் போடேக்க இந்த மறுப்பும் சேர்ந்து நிக்கும். அப்பீலுக்குப் போனா வருசக்கணக்கு. நான் காசை வாங்கிக்கொண்டு சும்மா போட்டுத்தாற ஆள் இல்லை." "விதிவிலக்கு?" "பிள்ளைக்கு அங்க ஆருமில்லை எண்டு காட்டவேணும். தாய் இருக்கிறாவே." தாய் இருக்கிறாள். அதுவும் சரி. ஒரு ஓட்டையும் இல்லை, இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட ஒன்றை நான் இதுவரை வாசித்ததில்லை. "ரெண்டோ, பொறுத்து ஒண்டோ? அதை நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார். அவர் பேனையின் மூடியைத் திறந்துவிட்டு மூடினார், திரும்பத் திறந்தார், கீழே எண்ணெயில் எதையோ போட்டார்கள், சீறியது. ஒண்டு என்பது எவ்வளவு சின்னச் சொல், வாய்க்குள் இருக்கும்போது அது சின்னதாக இல்லை. "ஒண்டு," என்றேன். "ஆருக்கு?" எல்லாவற்றையும் உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டியது அவர் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "மனிசிக்கு. தையில." அவர் குறித்துக்கொண்டு மாதுமையின் தாள்களை ஒவ்வொன்றாகக் கோப்பிலிருந்து உருவி என் பக்கம் வைத்தார், கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்புப் பதிவு, மொழிபெயர்ப்பு, கடைசியாக ஒரு சிறிய உறை. "இதையும் கொண்டுபோங்கோ அண்ணை, இனி இஞ்ச தேவைப்படாது." நான்கு கடவுச்சீட்டுப் படங்கள், வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிய, வாய் மூடி, சிரிக்காமல், விதி கேட்டது அப்படியே. படிக்கட்டின் நடுவில் கைபேசி அதிர்ந்தது. எடுத்தேன். "என்னப்பா, போட்டாச்சே?" என்றாள் சுகிர்தா. "போட்டாச்சு," என்றேன். "ரெண்டும்?" உறை கையில் இருந்தது, எடையே இல்லை. "ஓம். ரெண்டும்."